எல்லையில் சிப்பாய், வாசலில் ஜப்தி!

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. அரியலூர் மாவட்டத்து ஊர். பங்குனி பிறந்துவிட்டால் ஊருக்குக் கல்யாணக் களை வந்துவிடும். திருவையாற்றில் இருந்து நந்தியெம்பெருமான் மாப்பிள்ளையாக வருவார். சுயசாம்பிகைக்கும் அவருக்கும் திருக்கல்யாணம் நடக்கும். “நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்” என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. வயது வந்த பிள்ளைகளையும் பெண்களையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராக ஜனங்கள் வந்து சேருவார்கள்.

அந்தக் கூட்டத்தில் லீவு கிடைத்த பட்டாளத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். லீவு கிடைக்காத பிள்ளைகளின் தாய்மார்களும் இருப்பார்கள்.

பட்டாளத்துக்கும் இந்த ஊரின் பெயருக்கும் ஒரு பழைய தொடர்பு சொல்வார்கள். சிவபெருமான் மழு ஏந்தி ஆடிய இடம்; அதனால் மழபாடி ஆயிற்று என்பது தலபுராணம். மழவர் என்ற வீரர்கள் பாடி போட்டுத் தங்கிய இடம். அதனால் மழவர்பாடி என்பது மற்றொரு விளக்கம். பாடி என்றால் படை தங்கும் இடம்.

அது அந்தக் காலம். இன்று படை தங்கும் இடம் லடாக்கின் பனிமலை. குடும்பம் தங்கும் இடம் கொள்ளிடக்கரை. அவர் வாங்கிய கடனும் கொள்ளிடக்கரையிலேதான் தங்கியிருக்கிறது!

களத்துமேட்டில் நடந்தது

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு சிப்பாய். அவருக்குப் பெயர் வேண்டாம். எந்த ஊரிலும் இருக்கக்கூடியவர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். மகன் தன் பெயரில் தவணைக்கு ஒரு டிராக்டர் வாங்கிக் கொடுத்தார். முன்பணம் கட்டியாயிற்று. இரண்டு வருஷமாகத் தவணையும் தவறவில்லை.

பிறகு அவரை மலை உச்சிக் காவலுக்கு மாற்றினார்கள். போன் எடுக்காத இடம். அந்தச் சமயம் பார்த்து அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார். பாங்கில் இருந்த பணம் வைத்தியத்துக்குப் போயிற்று. மூன்று தவணை நின்றது.

ஒருநாள் விடியற்காலை. களத்துமேட்டில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். சாவியைக் கேட்டார்கள்.

“தம்பி, எம் மவன் பட்டாளத்துல இருக்கான். லீவுல வந்ததும் மொத்தமா கட்டிடுவான்” என்றார் தாயார்.

“அம்மா, எங்களுக்கு ஆர்டர் வந்திருக்கு. எதுவா இருந்தாலும் ஆபீசுல போய்ப் பேசிக்குங்க” என்றார்கள் வந்தவர்கள்.

டிராக்டர் போய்விட்டது. அமீனா வரவில்லை. கோர்ட்டுக் காகிதம் வரவில்லை. நடவு மட்டும் நின்றுபோயிற்று.

நாட்டைக் காக்கப் போனவனின் பொருளை, அவன் இல்லாத சமயத்தில் எடுத்துக்கொண்டு போகலாமா? சட்டம் கேட்காதா? இந்தக் கேள்வியைக் கேட்காத தாய் இருக்க மாட்டாள்.

சட்டம் கேட்கிறது. ஆனால் கோர்ட்டு வாசலுக்கு வந்தால்தான் கேட்கிறது. களத்துமேட்டில் நடப்பது அதன் காதில் விழுவதில்லை. இந்தியாவில் சிப்பாய்க்கு உள்ள பாதுகாப்பின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

சம்பளத்தைத் தொட முடியாது

முதலில் பலத்தைப் பார்க்கலாம். இது பல குடும்பங்களுக்குத் தெரியாமலே இருக்கிறது.

1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 28-வது பிரிவு சொல்வது இது: சிப்பாயின் ஆயுதம், உடுப்பு, வேலைக்கான சாமான்கள் எதையும் ஜப்தி செய்யக்கூடாது. வேலைக்கு அவர் பயன்படுத்தும் குதிரை, கோவேறு கழுதை போன்ற பிராணியைக்கூடத் தொடக்கூடாது. அவருடைய சம்பளத்தையும் படிகளையும் எந்தச் சிவில் கோர்ட்டும், எந்த ரெவினியூ அதிகாரியும் ஜப்தி செய்ய முடியாது. முழுவதும் அல்ல, ஒரு பகுதியைக்கூட முடியாது.

ஒரு குமாஸ்தாவின் மீதோ, வாத்தியார் மீதோ கடன் டிக்ரி வந்தால் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடிக்கலாம். சிப்பாயிடம் அது நடக்காது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவும் இதையே சொல்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் இது பொருந்தும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளத்தில் மாதாமாதம் தவணை பிடித்துக்கொள்ளும்படி பாங்குக்குத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், அது ஜப்தி ஆகாது. அது அவராகக் கொடுத்த சம்மதம்.

29-வது பிரிவு இன்னொரு கவசம். கடனைக் கட்டவில்லை என்பதற்காகப் படையில் இருப்பவரை எந்தச் சிவில் கோர்ட்டும் கைது செய்ய முடியாது. யாராவது தவறிக் கைது செய்துவிட்டால், அவரோ அவருடைய மேலதிகாரியோ புகார் செய்யலாம். நீதிபதி விசாரித்து விடுதலை செய்யலாம். செலவுத் தொகையும் வாங்கிக் கொடுக்கலாம்.

பென்ஷன் வாங்குகிற முன்னாள் சிப்பாய்களுக்கும் தைரியம் சொல்ல விஷயம் உண்டு. 1871-ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டத்தின்படி பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. பென்ஷன், பணிக்கொடைப் பணத்தை வாங்கி பாங்கில் டெபாசிட் போட்டுவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2008-ஆம் ஆண்டில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

சிப்பாயின் குடும்பம் என்பதற்காக அல்ல, எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக உள்ள சில பாதுகாப்புக்களும் 60-வது பிரிவில் இருக்கின்றன. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை இவற்றைக் கடன் டிக்ரிக்கு ஜப்தி செய்யக்கூடாது. சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத ஆபரணத்தைத் தொடக்கூடாது. தாலியைக் கேட்டு எந்த அமீனாவும் வர முடியாது! விவசாயியின் உழவுக் கருவிகள், உழவு மாடு, விதை நெல் ஆகியவற்றில் அவர் பிழைப்புக்குத் தேவையானவற்றையும், அவர் குடியிருக்கும் வீட்டையும்கூட இந்தப் பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் வீட்டைத் தானே அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சு எடுபடாது.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கவசத்தை மாட்டிக்கொண்டு மனைவி மக்களைக் கைவிடலாம் என்று எந்தச் சிப்பாயாவது நினைத்தால் அது நடக்காது. மனைவி, குழந்தைகளின் ஜீவனாம்சத்துக்காக அவர் சம்பளத்தில் பணம் பிடிக்க இராணுவச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

உலக யுத்தம் தந்த சட்டம்

முதல் உலக யுத்தம். இந்தியச் சிப்பாய்கள் பிரான்சிலும் மெசபடோமியாவிலும் நின்றார்கள். ஊரிலே வழக்குகள் நின்றுவிடுமா? நிலத் தகராறு, பங்காளிச் சண்டை, கடன் பத்திரம் எல்லாம் கோர்ட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. சம்மனுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. எதிராளி மட்டும் வந்து நிற்பார். ஒருதலையாக டிக்ரி ஆகிவிடும். சிப்பாய் உயிரோடு திரும்பினால், நிலம் கைமாறி இருக்கும்.

இதைத் தடுக்க யுத்த காலத்திலேயே சட்டம் வந்தது. பிறகு அதைத் திருத்தி, ஒழுங்குபடுத்தி, 1925-ஆம் ஆண்டில் இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம் என்று இயற்றினார்கள். நூறு வருஷத்துச் சட்டம். வக்கீல்களிலேயே பலர் இதைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதில் இருப்பது என்ன?

போர்க்கால நிலைமையில் இருப்பவர், கடல் கடந்த நாட்டில் இருப்பவர் போன்ற சிப்பாய்களை இந்தச் சட்டம் “விசேஷ நிலைமையில் பணிபுரிபவர்” என்கிறது. ஐ.நா. அமைதிப் படையில் சேர்ந்து காங்கோவுக்கும் தெற்கு சூடானுக்கும் போன இந்தியச் சிப்பாய்களை நினைத்துப் பார்த்தால், இது பழங்கதை அல்ல என்பது புரியும்.

அப்படிப்பட்டவர் மீது வழக்குப் போடுகிறவர், எதிராளி விசேஷ நிலைமையில் இருக்கும் சிப்பாய் என்று தெரிந்திருந்தால், அதை மனுவிலேயே எழுத வேண்டும். சிப்பாய்க்காக யாரும் ஆஜராகாவிட்டால், கோர்ட்டு வழக்கை நிறுத்தி வைத்துவிட்டு இராணுவ அதிகாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். “ஆம், அவர் வர முடியாத இடத்தில் இருக்கிறார், நியாயம் கருதி வழக்கைத் தள்ளிவைக்க வேண்டும்” என்று அவர்கள் சான்று அனுப்பினால், கோர்ட்டு வாய்தா கொடுத்தே ஆகவேண்டும்.

இவ்வளவையும் மீறி ஒருதலையாக டிக்ரி ஆகிவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. சிப்பாய் மனுச் செய்து, நியாயம் இருந்தால், டிக்ரியை ரத்துச் செய்யச் சொல்லலாம். அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசு மனுச் செய்யலாம். இதற்குக் காலக்கெடு உண்டு. ஆகையால் செய்தி தெரிந்த உடனே வக்கீலைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் மிகவும் அருமையானது கலெக்டருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம். தம் மாவட்டத்தில் குடியிருக்கும், அல்லது சொத்து வைத்திருக்கும் ஒரு சிப்பாய், தம் மேல் உள்ள வழக்கில் ஆஜராக முடியாத நிலையில் இருக்கிறார் என்று கலெக்டர் நம்பினால், அதை அவரே கோர்ட்டுக்கு எழுதித் தெரிவிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், வக்கீல் வைக்கப் பணம் இல்லாத ஒரு தாய், அரியலூரில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனுக் கொடுத்தால் போதும். மகனின் படை நம்பரும் வழக்கு நம்பரும் அதில் இருந்தால் கலெக்டர் ஆபீசுக்கு வேலை சுலபம்.

யுத்தம் இல்லாத காலத்தில், சாதாரண முகாமில் இருப்பவருக்கு என்ன வழி? அதற்கும் இராணுவச் சட்டத்தின் 32-வது பிரிவு வழி சொல்கிறது. வழக்குக்காக லீவு வாங்கியிருக்கிறார், அல்லது கேட்டிருக்கிறார் என்று அதிகாரியிடம் சான்று வாங்கிக் கோர்ட்டில் கொடுக்கலாம். கூடுமான வரையில் அந்த லீவு முடிவதற்குள் வழக்கை முடித்துத் தர கோர்ட்டு ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று காரணத்தை எழுதி, அதன் நகலைச் சிப்பாயிடம் கொடுக்க வேண்டும். சிப்பாய்க்கு வருஷ லீவு 60 நாள். வழக்குகள் வருஷக்கணக்கில் நடக்கும் நாட்டில், கோர்ட்டைப் பார்த்து “60 நாளில் முடி, இல்லாவிட்டால் காரணம் சொல்” என்று கேட்கும் உரிமை சாதாரண உரிமை அல்ல.

லீவே கிடைக்கவில்லை என்றால்? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 28-வது ஆர்டர்படி, அதிகாரியின் முன்னிலையில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, மனைவியையோ அப்பாவையோ தனக்குப் பதிலாக வழக்கு நடத்தச் சொல்லலாம்.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் அந்த டிராக்டர் எப்படிப் போயிற்று?

ஓட்டை எங்கே?

மேலே சொன்ன சட்டங்கள் எல்லாம் கோர்ட்டை நோக்கிப் பேசுகின்றன. கோர்ட்டே, ஜப்தி செய்யாதே! கோர்ட்டே, கைது செய்யாதே! கோர்ட்டே, வாய்தா கொடு! ஆனால் தவணைக் கம்பெனி கோர்ட்டுக்கே போவதில்லையே!

தவணையில் வண்டி வாங்கும்போது ஒப்பந்தத்தில் பல கையெழுத்துக்கள் வாங்குவார்கள். தவணை தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தும் அதில் இருக்கும். தவணை முறையில் எல்லாப் பணமும் தீரும் வரையில் கடன் கொடுத்தவரே வண்டிக்குச் சொந்தக்காரர் என்று சுப்ரீம் கோர்ட்டே 2020-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கக்கூடாது என்று 2007-இலும், எடுப்பதானாலும் சட்டப்படிதான் எடுக்கவேண்டும், பலாத்காரம் கூடாது என்று 2011-இலும் கண்டித்திருக்கிறது. அது எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு. “இவர் சிப்பாய், இவர் வரும் வரையில் பொறு” என்று சொல்லும் விதி அதில் இல்லை.

சில ஒப்பந்தங்களில் மத்தியஸ்தர் ஷரத்து இருக்கும். தகராறு வந்தால் கம்பெனி மத்தியஸ்தரிடம் போகும். அவர் எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்திருப்பார். 1925-ஆம் ஆண்டுச் சட்டம் சிவில் கோர்ட்டையும் ரெவினியூ கோர்ட்டையும் பற்றித்தான் பேசுகிறது. நோட்டீஸ் திருமழபாடிக்கு வரும். அதைப் படிக்க வேண்டியவர் பனிமலையில் இருப்பார்.

வீட்டுக் கடனிலும் இதே கதைதான். 2002-ஆம் ஆண்டு வந்த சர்பாசி சட்டப்படி, அடமானம் வைத்த வீட்டைக் கோர்ட்டு வழக்கு இல்லாமலே பாங்கு எடுத்துக்கொள்ளலாம். முதலில் 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பாங்கு நடவடிக்கை எடுத்தபின் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். விவசாய நிலத்தை இந்தச் சட்டப்படி எடுக்க முடியாது என்பது ஓர் ஆறுதல். ஆனால் சிப்பாய் என்று ஒரு வார்த்தை அதிலும் இல்லை. 60 நாள் நோட்டீஸ், 90 நாள் மலைக் காவலில் இருப்பவருக்கு எப்படிப் போய்ச் சேரும்?

அமெரிக்காவில் எப்படி?

இதே விஷயத்தை அமெரிக்கர்கள் வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். முதல் உலக யுத்தத்தின்போது, 1918-இல் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் சிவில் நிவாரணச் சட்டம் போட்டார்கள். 1940-இல் புதுப்பித்தார்கள். 2003-இல் மறுபடி எழுதினார்கள்.

அந்தச் சட்டத்தின்படி, படையில் சேருவதற்கு முன்னால் தவணையில் ஒரு பொருளை வாங்கி, முன்பணமோ ஒரு தவணையோ கட்டியிருந்தால், அவர் படையில் இருக்கும் காலத்தில் கோர்ட்டு உத்தரவு இல்லாமல் அந்தப் பொருளை எடுக்கக்கூடாது. தெரிந்தே எடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை. கோர்ட்டுக்குப் போனால், நீதிபதி மூன்றில் ஒன்று செய்யலாம்: வழக்கைத் தள்ளிவைக்கலாம், கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம், இரு தரப்புக்கும் நியாயமாக வேறு ஏற்பாடு செய்யலாம். சேருவதற்கு முன் வாங்கிய கடனுக்கு வட்டி 6 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக்கூடாது.

சட்டம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. சிப்பாய்களின் 1,112 கார்கள் கோர்ட்டு உத்தரவு இல்லாமல் எடுக்கப்பட்ட விஷயத்தில், ஒரு பெரிய கார்க் கடன் கம்பெனி மீது அமெரிக்க நீதி இலாகா வழக்குப் போட்டது. 2015-இல் அந்தக் கம்பெனி 93 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் குறையாமல் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இதை அப்படியே இங்கே காப்பி அடிக்கலாமா? கூடாது. காரணம் இருக்கிறது. நம் பையன்கள் பதினேழரை வயதில் இருந்தே படைக்கு ஆள் எடுக்கும் மைதானத்தில் ஓட ஆரம்பிக்கிறார்கள். சேருவதற்கு முன்னால் அவர்கள் வாங்கியது ஒரு சைக்கிளாக இருக்கும். டிராக்டரும், வீடும், தங்கையின் கல்யாணக் கடனும் சேர்ந்தபிறகுதான் வரும். “சேருவதற்கு முன்” என்ற அமெரிக்க வரம்பு இங்கே ஒருவருக்கும் பயன்படாது. அவர் ஊரில் இல்லாத காலத்தைக் கணக்கில் எடுக்கும் விதிதான் இங்கே தேவை.

பிறந்தும் பிறக்காத சட்டம்

இந்தியாவிலும் தவணை வியாபாரத்துக்குக் கடிவாளம் போட ஒரு முயற்சி நடந்தது. 1972-இல் பார்லிமெண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தை நிறைவேற்றியது. விலையில் பாதியோ, முக்கால் பங்கோ கட்டியாகிவிட்டால், அதன்பிறகு கோர்ட்டு மூலமாக அல்லாமல் பொருளைத் திரும்ப எடுக்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். நல்ல விதி. ஆனால் அந்தச் சட்டம் கடைசிவரை நடைமுறைக்கு வரவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் காகிதத்தில் தூங்கியது. 2005-இல் அதை ரத்துச் செய்துவிட்டார்கள்.

அந்த ஒரு விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கம்பெனி கோர்ட்டுக்குப் போயே தீரவேண்டும். கோர்ட்டுக்குப் போன உடனே 1925-ஆம் ஆண்டுச் சட்டமும், 32-வது பிரிவும் தாமாகவே சிப்பாய்க்குத் துணைக்கு வந்திருக்கும். வீடு கட்டி முடித்தாயிற்று. வாசற்படி மட்டும் வைக்கவில்லை.

ஆகையால் புதிதாக ஒரு பெரிய சட்டம் வேண்டியதில்லை. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். விசேஷ நிலைமையில், அல்லது குடும்பம் கூட இருக்க முடியாத முன்னணிப் பகுதியில் பணிபுரியும் ஒருவர், தவணையில் வாங்கிய வண்டியையோ வீட்டையோ, கோர்ட்டு உத்தரவு இல்லாமல் எடுக்கக்கூடாது. அவ்வளவுதான். கடனைத் தள்ளுபடி செய் என்று யாரும் கேட்கவில்லை. தவணை ஓடட்டும், நியாயமான வட்டியும் ஓடட்டும். பொருளை எடுப்பதற்கு முன் ஒரு நீதிபதி முகத்தைப் பார்க்கட்டும் என்பதுதான் கோரிக்கை.

“இப்படிச் செய்தால் சிப்பாய்களுக்குக் கடனே கொடுக்க மாட்டார்கள்” என்று சிலர் சொல்லக்கூடும். மாதம் தவறாமல் சர்க்கார் சம்பளம் வாங்கும் ஒருவரை விட்டுவிட்டு எந்தக் கம்பெனி வேறு யாரைத் தேடிப் போகப் போகிறது? அமெரிக்காவில் பல பத்து வருஷமாக இந்த விதி இருக்கிறது. அங்கே சிப்பாய்களுக்குக் கார் விற்பது நின்றுவிடவில்லை. கடன் கொடுத்தவர் கொள்ளைக்காரர் அல்ல என்பதும் உண்மை. அவருக்கும் பணம் திரும்பி வரவேண்டும். டிராக்டரை எடுத்து ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு விற்பதைவிட, நாலு மாதம் பொறுத்து லீவில் வரும் ஆளிடம் முழுப் பணத்தையும் வாங்குவது அவருக்கும் லாபம்தான்.

இன்னும் இரண்டு பேர்

இந்தப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

2019 பிப்ரவரி 14-ந் தேதி, காஷ்மீரில் புல்வாமாவில் குண்டு வெடித்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் உயிர் இழந்தார்கள். அவர்களில் ஒருவர் இதே அரியலூர் மாவட்டத்துக் கார்குடியைச் சேர்ந்தவர். ஊரே அழுதது. ஆனால் ரிசர்வ் போலீஸ் படைக்கு இராணுவச் சட்டம் பொருந்தாது. அவர்கள் சம்பளத்துக்கு 28-வது பிரிவின் கவசம் கிடையாது. மற்ற சம்பளக்காரர்களைப் போலவே, முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக, மிச்சத்தைக் கடன் டிக்ரிக்குப் பிடிக்கலாம். அதே மலை, அதே பனி, அதே குண்டு. கவசம் மட்டும் வேறு! சட்டத்தைத் திருத்தும்போது இவர்களையும் சேர்க்க வேண்டும்.

இன்னொருவர் அக்னி வீரர். 2022-இல் வந்த திட்டம். நாலு வருஷ வேலை. அதன்பிறகு நூற்றுக்கு 25 பேர் வரையில்தான் தொடர்ந்து இருக்க முடியும். வேலையில் இருக்கும் வரையில் இராணுவச் சட்டத்தின் கவசம் அவருக்கும் உண்டு. ஆனால் வண்டிக் கடனுக்கு அஞ்சு வருஷம், ஆறு வருஷம் என்று தவணை போடுகிறார்கள். வேலை முடியும், தவணை முடியாது. பென்ஷனும் கிடையாது. ஆகையால் நாலு வருஷத்துக்குள் அடைபடாத கடனில் அக்னி வீரர் கையெழுத்துப் போடக்கூடாது. இது சட்டம் அல்ல, சாதாரணக் கணக்கு.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

பார்லிமெண்டு எப்போது திருத்தும் என்று காத்திருக்க முடியாது. அதுவரையில் குடும்பம் என்ன செய்யலாம்?

திருமழபாடிக் கோயிலிலேயே ஒரு பழைய செய்தி இருக்கிறது. ராஜராஜ சோழன் தன் 28-வது ஆட்சி ஆண்டில், இந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டான். பழைய சுவர்களில் கல்வெட்டுக்கள் இருந்தன. கோயிலுக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்ற சாசனங்கள். சுவரைத் தொடுவதற்கு முன்னால் அவற்றை எல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதி எடுத்துக்கொண்டார்கள். ராஜேந்திர சோழனின் 14-வது ஆட்சி ஆண்டில் அவற்றைப் பார்த்துப் புதுச் சுவரில் வெட்டினார்கள். நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ராஜாவே மாறிவிட்டார். சாசனம் மாறவில்லை, நகல் இருந்தது.

பட்டாளத்துக்காரர் வீட்டிலும் அப்படி ஒரு நகல் இருக்க வேண்டும். கடன் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். கட்டிய தவணைக்கு எல்லாம் ரசீது வேண்டும். மகனின் படை நம்பர், யூனிட்டின் பெயர், யூனிட்டின் தபால் முகவரி மூன்றையும் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். பல வீடுகளில் யூனிட் முகவரி சிப்பாயின் போனில் மட்டும் இருக்கிறது!

கடன் வாங்கும்போதே பாங்குக்கோ கம்பெனிக்கோ ஒரு கடிதம் கொடுத்துவிட வேண்டும். “கடன்காரர் இராணுவத்தில் பணிபுரிகிறார். நோட்டீஸ் எதுவானாலும் வீட்டுக்கு ஒன்றும், யூனிட் முகவரிக்கு ஒன்றும் அனுப்ப வேண்டும்” என்று எழுதினால் போதும். பின்னால் தகராறு வந்தால், “சிப்பாய் என்று எங்களுக்குத் தெரியாது” என்று அவர்கள் சொல்ல முடியாது.

தவணை தவறும்போல் இருந்தால் ஒளிந்துகொள்ளக்கூடாது. தவறுவதற்கு முன்பே எழுதி, இரண்டு மாதம் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்க வேண்டும். வண்டியை எடுக்க ஆள் வந்தால், கம்பெனியின் அதிகாரக் கடிதத்தையும், வந்தவரின் அடையாள அட்டையையும் கேட்டுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. மிரட்டினால் உடனே போலீசுக்குப் போன் செய்ய வேண்டும்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. சிப்பாயின் மனைவிக்கும் உண்டு, தாய்க்கும் உண்டு. மாவட்டக் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 2025 ஜூலை 26-ந் தேதி, சிப்பாய்களின் குடும்பங்களுக்கு என்றே “வீர் பரிவார் சகாயதா யோஜனா” என்ற சட்ட உதவித் திட்டத்தையும் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கியிருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

அடுத்த பங்குனியில் பையன் லீவில் வரும்போது, அவனை உட்காரவைத்து இந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அப்புறம் நந்தி கல்யாணம் பார்க்கப் போகலாம்.